மழை நிறுத்திய ஆட்டத்தை வானொலியில் சொல்வது: அமெரிக்கப் பள்ளி சாஃப்ட்பால் பிளேஆஃபுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கச் சிற்றூர் வானொலிகளுக்குப் பள்ளி விளையாட்டுதான் சோறு போடுகிறது. கல்லூரி வானொலியிலோ ஊர் நிலையத்திலோ புதிதாகச் சேரும் நம்மவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பெண்கள் சாஃப்ட்பால்தான் (பேஸ்பாலின் சிறு மைதான வடிவம்). அமெரிக்கக் கால்பந்தையும் கூடைப்பந்தையும் பழைய கைகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வழக்கமான பருவத்தில் மழை வந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பருவம் முடிந்ததும் தொடங்கும் வெளியேற்றுச் சுற்றுகளான பிளேஆஃபில் அப்படி முடியாது. அடுத்த சுற்றின் தேதி கழுத்தைப் பிடிக்கும். மூன்று மணி நேரம் காத்திருந்தாவது அன்றைக்கே ஆடிவிடப் பார்ப்பார்கள். அந்த மூன்று மணி நேரமும் மைக் உங்கள் கையில் இருக்கும்.

கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இங்கே டக்வொர்த் லூயிஸ் கணக்கு கிடையாது. இலக்கு மாறாது. விட்ட இடத்திலிருந்து தொடரும், அல்லது அதோடு முடிந்ததாக அறிவிப்பார்கள், அல்லது வேறொரு நாள் நடக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் பேசப் போனால்தான் மானம் போகும்.

1. முதலில் காகித வேலை

பிளேஆஃப் ஒலிபரப்பு உரிமை பெரும்பாலும் பள்ளியிடம் இருக்காது, மாநில விளையாட்டுச் சங்கத்திடம் இருக்கும். டெக்சஸில் யுஐஎல், ஓஹாயோவில் ஓஹெச்எஸ்ஏஏ, அயோவாவில் பெண்கள் விளையாட்டுக்கென்றே தனியாக ஐஜிஹெச்எஸ்ஏயூ என்று மாநிலத்துக்கு ஒரு சங்கம் உண்டு. சீசன் முழுக்க அந்தப் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து பேசியிருந்தாலும், பிளேஆஃப் தொடங்கிய அன்றிலிருந்து புதிதாக அனுமதி வாங்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை:

- சங்கத்தின் ஒலிபரப்பு விண்ணப்பத்துக்கு வந்த ஒப்புதல். அச்செடுத்து வையுங்கள். வாசலில் நிற்கும் தன்னார்வலர் உங்கள் போனில் மின்னஞ்சல் தேடிக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க மாட்டார்.
- உரிமைக் கட்டணம் கட்டிய ரசீது. பல மாநிலங்களில் சுற்று ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஏஎம், எஃப்எம் ஒலிபரப்புக்கும் இணைய ஒலியோடைக்கும் ஒரே கட்டணமா, தனித்தனியா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ முற்றிலும் வேறு விஷயம். பல மாநிலங்களில் அந்த உரிமையை என்எஃப்ஹெச்எஸ் நெட்வொர்க் என்ற வீடியோ ஓடை நிறுவனத்துக்குக் கொடுத்திருப்பார்கள். போனை நிறுத்திவைத்து நேரலை போட்டுவிடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.
- இரு அணிகளின் வீராங்கனைப் பட்டியல், எண்களோடு. பெயர் உச்சரிப்பைப் பயிற்சியாளரிடமே கேட்டுப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். போலிஷ், செக், ஸ்பானிஷ் குடும்பப் பெயர்களை நம் எழுத்தில் எழுதிவைத்தால் நாக்கு தடுமாறாது.
- நிலையத்தின் விளம்பரப் பட்டியல். எந்த விளம்பரம், எத்தனை முறை, எந்த நேரத்துக்குள் என்ற விவரம் அதில் இருக்கும்.

ஆட்டம் நடக்கும் பள்ளியில் நீங்கள் பேச வேண்டியவர் அத்லெடிக் டைரக்டர் (பள்ளி விளையாட்டுப் பொறுப்பாளர்). விண்ணப்பத்தை ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன் அனுப்புவது நல்லது. ஆனால் எதிரணி யார் என்பதே இரண்டு நாள் முன்புதான் தெரியவரும். ஆகவே படிவத்தை நிரப்பி வைத்துவிட்டு, எதிரணி முடிவான அன்று இரவே அனுப்பிவிடுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டத்துக்கு இவ்வளவு டாலர் என்று கொடுத்து, ஆண்டு முடிவில் 1099 படிவம் (ஒப்பந்த வேலை வருமானத்துக்கான வரிப் படிவம்) தருவதுதான் இந்த வேலையில் வழக்கம். எஃப்-1 மாணவர் உரிய வேலை அனுமதி இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. வேலை விசாவான ஹெச்-1பி வைத்திருப்பவர் தன்னை எடுத்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. ‘சும்மாதானே செய்கிறேன்’ என்பதும் எப்போதும் காப்பாற்றாது: வணிக நிலையம் மற்றவர்களுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அதுவும் வேலையாகவே கருதப்படலாம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. விதிப்புத்தகத்தில் தேட வேண்டியவை

பள்ளி சாஃப்ட்பாலுக்கு அடிப்படை விதிகளை எழுதுவது என்எஃப்ஹெச்எஸ் என்ற தேசியக் கூட்டமைப்பு. ஏழு இன்னிங்ஸ் (ஒவ்வொன்றிலும் வந்த அணி மேல் பாதியில், உள்ளூர் அணி கீழ் பாதியில் பேட் செய்யும்), பிட்சர் (பந்து போடுபவர்) நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 43 அடி, பேஸுக்குப் பேஸ் (ஓடித் தொட வேண்டிய முனைகள்) 60 அடி. இவை எல்லா ஊருக்கும் பொது. மழை வந்தால் என்ன என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம்.

அடிப்படை விதிப்படி ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால், அல்லது உள்ளூர் அணி முன்னிலையில் இருந்து நாலரை இன்னிங்ஸ் முடிந்திருந்தால், மழையால் நிறுத்தப்பட்ட ஆட்டமும் முழு ஆட்டமே. ஆனால் பாதியில் நின்ற ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று மாநிலச் சங்கம் தனியாக விதி வைத்துக்கொள்ளலாம். பிளேஆஃபுக்கு மட்டும் அப்படி வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. ஆறாவது இன்னிங்ஸில் மழை கொட்டும்போது ‘இதோடு ஆட்டம் முடிந்தது, இந்த அணி அடுத்த சுற்றுக்குப் போகிறது’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே ஆட்டம் தொடர்ந்தால் ஊரே சிரிக்கும். புதியவர்கள் அதிகம் விழும் குழி இது.

சங்கத்தின் பிளேஆஃப் கையேட்டை (அடிப்படை விதிப்புத்தகத்தை அல்ல) இறக்கிக்கொண்டு இவற்றைக் கோடிட்டு வையுங்கள். நின்ற ஆட்டம் தொடருமா, முடிந்ததாகக் கொள்ளப்படுமா? ரன் வித்தியாச விதி (ஒரு அணி மிக முன்னால் போய்விட்டால் ஆட்டத்தை அதோடு முடிக்கும் விதி) எத்தனை ரன்னுக்கு, எந்த இன்னிங்ஸுக்குப் பிறகு? ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ரன் என்பது பரவலாக உள்ளது, ஆனால் உங்கள் மாநிலத்தில் அதுதானா? இரவு எத்தனை மணிக்கு மேல் புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது என்று ஏதாவது உண்டா?

நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் மைதானம் ஆடத் தகுந்ததா என்று சொல்வது நடத்தும் பள்ளியும் போட்டி மேலாளரும். முதல் பந்து விழுந்த பிறகு தலைமை அம்பயர். பயிற்சியாளர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கருத்து இருக்கும். அதைச் செய்தியாகச் சொல்லிவிடாதீர்கள்.

3. நிலையத்தோடு முதல் நாளே மழைக் கணக்குப் போடுங்கள்

மழை வந்த பிறகு நிலைய மேலாளரைத் தேடினால் அவர் எங்கேயோ பார்பிக்யூவில் இருப்பார். முந்தின நாளே முடிவாக வேண்டியவை இவை.

*ஆட்டம் நீண்டால் எதை வெட்டுவது?* மாலை ஏழு மணிக்கு மேஜர் லீக் பேஸ்பால் நெட்வொர்க் ஒலிபரப்பு இருந்தால், அதை எடுத்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கலாம். அப்போது உங்கள் ஆட்டம் துணை நிலையத்துக்கோ இணைய ஓடைக்கோ போகும். எங்கே போகும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் அப்படியே படிக்கலாம்.

*உங்கள் நிலையம் ஏஎம் ஆக இருந்தால் சூரியன் எப்போது மறைகிறது?* இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பல ஏஎம் நிலையங்கள் உரிமத்தின்படி அந்தி சாய்ந்ததும் ஆற்றலைக் குறைத்தாக வேண்டும். சில முழுவதும் நின்றுவிடும். நாலரை மணி ஆட்டம் மழையால் எட்டரைக்குத் தள்ளினால், பக்கத்து ஊரில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டிக்குத் திடீரென்று இரைச்சல்தான் கேட்கும். எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் (உங்கள் ஒலியை எஃப்எம்மில் மறுஒலிபரப்பும் சிறு கருவி) எண்ணையும் ஓடை முகவரியையும் அந்திக்கு அரை மணி முன்பிருந்தே சொல்லத் தொடங்குங்கள்.

*போர்டு ஆப்பரேட்டர் எத்தனை மணி வரை இருப்பார்?* நிலையத்தில் பொத்தான் அழுத்தும் அந்தக் கல்லூரிப் பையனுக்கு எட்டு மணிக்கு வேறு வேலை இருக்கலாம். மாற்று ஆள் பெயரும் எண்ணும் வேண்டும்.

*விளம்பரக் கணக்கு.* இரண்டு அரை இன்னிங்ஸுக்கு நடுவே விதிப்படி பிட்சருக்கு ஒரு நிமிடம், ஐந்து பந்து. அதாவது 30 வினாடி விளம்பரம் இரண்டு. பேஸ்பால் பழக்கத்தில் நாலு போட்டால், நீங்கள் திரும்பி வரும்போது முதல் பேட்டர் ஏற்கெனவே முதல் பேஸில் நிற்பார். முழு ஆட்டத்தில் 13 இடைவெளி, 26 விளம்பரம். ரன் வித்தியாச விதியில் ஐந்து இன்னிங்ஸில் முடிந்தால் 9 இடைவெளிதான், எட்டு விளம்பரம் தொங்கலில் நிற்கும். பெரிய ஸ்பான்சர்களை முதல் நான்கு இன்னிங்ஸுக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். மழைத் தாமதம் வந்தால் பாக்கியை அங்கே தள்ளலாம், அந்த வகையில் மழை நல்லதுதான். ஒரே கடை விளம்பரத்தை ஒரு மணி நேரத்தில் ஆறு முறை ஓட்டினால் மட்டும் கடைக்காரரே போன் செய்வார்.

4. கருவிகளும் செலவும்

ஒலியை மைதானத்திலிருந்து நிலையத்துக்குக் கொண்டுபோக இன்று பெரும்பாலும் ஐபி கோடெக் (ஒலியை இணையம் வழி அனுப்பும் கருவி). காம்ரெக்ஸ், டைலைன் இரண்டும் பரவலாகப் புழங்கும் பெயர்கள். புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டாலர் ஆகும். உங்கள் நிலையத்தில் ஏற்கெனவே காம்ரெக்ஸ் பெட்டி இருந்தால், போனில் ஃபீல்ட்டேப் செயலி இலவசம். அவசரத்துக்கு அதுவே போதும். ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில், மோனோ, 48 முதல் 64 கிலோபிட் வைத்தால் பேச்சு தெளிவாக இருக்கும். அதற்கு மேல் ஏற்றி இணைப்பைத் திணறடிக்க வேண்டாம்.

இணைய இணைப்பில்தான் மழை நாள் கவிழ்க்கும். ஆட்டம் நடக்கும்போது எண்ணூறு பேரும் மைதானத்தைப் பார்ப்பார்கள். மழை வந்ததும் எண்ணூறு பேரும் காருக்குள் உட்கார்ந்து போனை எடுப்பார்கள். செல் கோபுரம் மூச்சுத் திணறும். மாலை நன்றாக ஓடிய இணைப்பு தாமத நேரத்தில் அறுந்து அறுந்து வரக் காரணம் இதுதான். இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் கையில் இருக்க வேண்டும். முடிந்தால் பிரஸ் பாக்ஸில் (வர்ணனையாளர் அமரும் அறை) கம்பி வழி ஈதர்நெட் கேளுங்கள். பள்ளி வைஃபையை நம்பாதீர்கள்: வடிகட்டிகள் கோடெக்கின் போர்ட்டுகளை அடைத்துவிடும், திறக்கத் தெரிந்த ஐடி ஆள் நாலு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பார். முந்தின நாள் பள்ளி நேரத்திலேயே போய் ஒருமுறை நிலையத்தோடு இணைத்துப் பாருங்கள்.

மற்றவை:

- இரண்டு ஹெட்செட். ஆடியோ டெக்னிகா பிபிஹெச்எஸ்1 போன்றது ஒன்று 200 டாலர் சுற்று. டைனமிக் மைக்காகவே வாங்குங்கள். கண்டென்சர் மைக் ஈரக் காற்றில் பொரியும்.
- சிறிய ஒலி மிக்சர், 100 முதல் 200 டாலர்.
- 100 அடி எக்ஸ்டென்ஷன் கார்டு, 12 கேஜ், நூறு டாலரைச் சுற்றி. மெல்லிய 16 கேஜ் கம்பியில் அவ்வளவு தூரத்துக்கு மின்னழுத்தம் இறங்கும்.
- மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி. பிரஸ் பாக்ஸில் ஜிஎஃப்சிஐ (மின்கசிவு கண்டால் துண்டிக்கும்) பிளக் இருக்கும். ஈரம் பட்டால் தட்டிவிடும். மீட்டமைக்கும் பொத்தான் எங்கே என்று வெயில் இருக்கும்போதே பார்த்து வையுங்கள். சில இடங்களில் அது கீழே சிற்றுண்டிக் கடைக்குள் இருக்கும்.
- பெரிய குப்பைப் பைகள் பத்து, பழைய துண்டு நாலு, ஸிப் பைகள். கம்பி இணையும் இடத்தைத் தரையில் விடாமல் பையால் சுற்றித் தொங்கவிடுங்கள்.
- பென்சில். பேனா மை ஈரத்தாளில் கரைந்து ஓடும்.

நிலையத்திலிருந்து உங்கள் காதுக்கு வரும் ஒலியில் உங்கள் குரல் இருக்கக் கூடாது. ‘மிக்ஸ் மைனஸ்’ போட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அரை வினாடி பின்னால் உங்கள் குரலே உங்களைத் துரத்தும், இரண்டாவது வாக்கியத்தில் நாக்கு கட்டிக்கொள்ளும். ரேடியோ பெட்டியை வைத்துக் கேட்கலாம் என்றாலும் முடியாது. எச்டி (டிஜிட்டல்) ஒலிபரப்பு உள்ள நிலையங்களில் காற்றில் வருவது எட்டு வினாடி அளவுக்குத் தாமதமாக வரும்.

5. முதல் இடி

என்எஃப்ஹெச்எஸ் வழிகாட்டுதல் நேரானது: இடி கேட்டாலோ மின்னல் தெரிந்தாலோ ஆட்டம் நிற்கும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் அமைதியாக இருந்த பிறகுதான் திரும்ப மைதானத்துக்குள் காலடி. நடுவில் 29-ஆவது நிமிடத்தில் ஒரு உறுமல் கேட்டாலும் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடும். ஒவ்வொரு இடியின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘6:12-க்குக் கடைசி இடி, எனவே 6:42-க்கு முன் எதுவும் இல்லை’ என்று சொல்ல முடிந்தால், கேட்பவர் அரை மணிக்குச் சாப்பிடப் போவார், திரும்ப வருவார். வெறுமனே ‘காத்திருக்கிறோம்’ என்றால் போயே போய்விடுவார்.

ஆட்டம் நின்ற அந்த நொடியிலேயே தாளில் எழுத வேண்டியவை: நேரம், இன்னிங்ஸ் (மேல் பாதியா கீழ் பாதியா), அவுட் எத்தனை, பேட்டருக்குப் பால் (குறி தப்பிய பந்து) எத்தனை ஸ்ட்ரைக் (பேட்டர் தவறவிட்ட பந்து) எத்தனை, பேஸில் யார் யார், பந்து போடுபவர் யார், அடுத்து வருபவர் யார். பின் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஆட்டம் நாளைக்குப் போனால் இந்த ஒரு படம்தான் சொத்து.

அடுத்தது உங்கள் உயிர். மரத்தாலோ தகரத்தாலோ ஆன, ஒரு பக்கம் திறந்த பிரஸ் பாக்ஸ் மின்னலுக்குப் பாதுகாப்பான இடமல்ல. வீராங்கனைகள் அமரும் டக்அவுட்டும் அல்ல. குழாயும் மின்கம்பியும் ஓடும் மூடிய கட்டடம், அல்லது உலோகக் கூரையுள்ள, கண்ணாடி ஏற்றிய கார்தான் பாதுகாப்பு. இடி பக்கத்தில் இருக்கும்போது சுவர் மின்சாரத்தில் இணைந்த ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு பேசுவது வீரமல்ல. பிளக்கைப் பிடுங்குங்கள், போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போங்கள், செயலி வழியாகக் காரிலிருந்து பேசுங்கள். கார் நிறுத்தும்போதே மைதானம் தெரியும்படி நிறுத்தியிருந்தால் இங்கே பயன்படும். கூட்டத்தைக் கலையச் சொல்லும் ஒலிபெருக்கி அறிவிப்பு வந்தால் அதை அப்படியே வானொலியிலும் சொல்லுங்கள். மைதானத்திலேயே ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்பைப் படிக்கும்போது இரண்டு சொற்களைக் குழப்பாதீர்கள். ‘வாட்ச்’ என்றால் அப்படி நடக்கச் சூழல் இருக்கிறது. ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டே இருக்கிறது. அறிவிப்பில் இருப்பதை மட்டும் படியுங்கள். ரேடார் படத்தைப் பார்த்துச் சொந்த ஜோசியம் வேண்டாம். நிலையத்தின் இஏஎஸ் (அவசர எச்சரிக்கை) கருவி அவசரச் செய்திக்காகக் குறுக்கிட்டால் இரண்டு நிமிடம் வரை நீங்கள் காற்றில் இருக்க மாட்டீர்கள். ஆப்பரேட்டர் ‘திரும்பிவிட்டோம்’ என்று சொல்லும் வரை முக்கியமான எதையும் சொல்லாமல் வைத்திருந்து, வந்ததும் ஸ்கோரிலிருந்து தொடங்குங்கள்.

6. நான்கு சொற்கள்

தாமதம், நிறுத்திவைப்பு, ஒத்திவைப்பு, முடித்துவைப்பு. நாலும் வேறு வேறு. தாமதம் என்றால் இன்றே ஆடப் பார்க்கிறார்கள். நிறுத்திவைப்பு என்றால் தொடங்கிய ஆட்டம் வேறு நேரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒத்திவைப்பு என்றால் தொடங்கவேயில்லை, வேறு நாளுக்குப் போகிறது. முடித்துவைப்பு என்றால் ஸ்கோர் இதுதான், கதை முடிந்தது. அம்பயரோ போட்டி மேலாளரோ எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே சொல்லுங்கள். அவர் சொல்லாதவரை ‘தாமதம்’ என்பதைத் தாண்டாதீர்கள். பெற்றோர்கள் உங்கள் பேச்சைக் கேட்டு 80 மைல் காரோட்டிப் போய்விடுவார்கள், பிறகு ஆட்டம் தொடங்கும்.

7. தாமத நேரத்தில் என்ன பேசுவது

முழுக்கப் பேசியே தீர்ப்பேன் என்று உட்காராதீர்கள். 20 நிமிடத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் நிலையத்துக்கு ஒப்படைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் வந்து சொல்லிவிட்டுப் போவது மேல். ஒவ்வொரு முறையும் இந்த வரிசை: எந்த ஆட்டம், எந்தச் சுற்று, ஸ்கோர், எந்த நிலையில் நின்றது, கடைசி இடி எப்போது, சீக்கிரம் என்றால் எப்போது தொடங்க முடியும், அடுத்த தகவல் எப்போது. மாதிரிக்கு:

‘வட்டாரச் சுற்று, உள்ளூர் அணி 3, வந்த அணி 2. நாலாவது இன்னிங்ஸ் கீழ் பாதி, ஒரு அவுட், இரண்டாவது பேஸில் ஓர் ஆள். 6:12-க்குக் கடைசி இடி. 6:42-க்கு முன் தொடங்காது. தரை வேலையும் இருக்கிறது. அடுத்த தகவல் 6:30-க்கு.’

இருபது வினாடிதான் ஆகிறது, ஆனால் கேட்பவருக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. 6:30 என்று சொன்னால் 6:30-க்கு வந்தே ஆக வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் நிலைய அடையாளம் சொல்ல வேண்டும் என்ற எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) விதி மழைக்கு விலக்கு தருவதில்லை: அழைப்பெழுத்துகள், உடனே உரிமம் பெற்ற ஊர்ப் பெயர். ஆட்டத்தின் நடுவே என்றால் மணியை ஒட்டி வரும் இயல்பான இடைவெளியில் சொல்லலாம். தாமத நேரத்தில் அந்தச் சாக்கும் இல்லை.

நிரப்பப் பேச்சு வேண்டுமென்றால் இரு பயிற்சியாளர்களோடும் ஐந்து நிமிடப் பேட்டி ஒவ்வொன்று முந்தின நாளே பதிவு செய்து, போர்டு ஆப்பரேட்டரிடம் கொடுத்து வையுங்கள். ‘இன்றைய ஆட்டம்’ என்று மட்டும் அதில் பேசவிடாதீர்கள். ஆட்டம் நாளைக்குப் போனால் பேட்டி வீணாகும். அட்டவணையில் வெல்பவர் யாரை எங்கே சந்திப்பார் என்ற விவரம், மாநில இறுதி எங்கே என்ற தகவல் (ஓஹாயோ என்றால் ஏக்ரனில் ஃபயர்ஸ்டோன் மைதானம், அயோவா என்றால் ஜூலையில் ஃபோர்ட் டாட்ஜ்) எல்லாம் நல்ல சரக்கு. பிற ஆட்டங்களின் ஸ்கோரைச் சமூக ஊடகத்தில் பார்த்த கையோடு சொல்லாதீர்கள். அங்கிருக்கும் வானொலிக்காரரையோ பள்ளியையோ கேட்டு உறுதி செய்யுங்கள்.

மழையின் சத்தத்தையே கொஞ்சம் கேட்க விடலாம். தகரக் கூரையில் மழை விழும் ஒலி பத்து வினாடி, பிறகு நீங்கள். அதற்கு மேல் போனால் கேட்பவர் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைப்பார்.

பேசக் கூடாதவையும் உண்டு. இவர்கள் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள். யாருக்கு என்ன காயம் என்ற ஊகம், மூன்றாவது இன்னிங்ஸில் பந்தை விட்ட பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடம், அம்பயர் மீதான குறை, படிப்பு மதிப்பெண், உடல்வாகு எதுவும் வேண்டாம். மாணவியைப் பேட்டி எடுக்கப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். லாப நோக்கில்லாத நிலையமாக இருந்தால் ஸ்பான்சர் பெயரைச் சொல்லலாம். விலை, ‘போய் வாங்குங்கள்’, ‘ஊரிலேயே சிறந்தது’ சொல்லக் கூடாது. பேச்சு வறண்ட நேரத்தில்தான் இது வாய் தவறி வரும்.

8. தரையைப் பார்த்து நேரம் கணிக்க

இது தெரிந்த வர்ணனையாளர் தனியாகத் தெரிவார். பேஸ்பால் உள்களத்தில் புல் உண்டு. சாஃப்ட்பாலில் உள்களம் முழுக்க வெறும் மண். அதனால் அதே மழைக்குச் சாஃப்ட்பால் மைதானம் அதிகம் சேறாகும். பெரும்பாலான பள்ளிகளிடம் முழு உள்களத்தையும் மூடத் தார்ப்பாய் இருக்காது. பிட்சர் வட்டத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் மட்டும் இரண்டு சின்னத் தார்ப்பாய் போடுவார்கள். அவை நேரத்துக்கு விரிக்கப்பட்டனவா என்று பாருங்கள். மழைக்குப் பின் விரித்தால் பயனில்லை.

மழை நின்ற பிறகு யார் என்ன கையில் எடுத்து வருகிறார்கள் என்பதே செய்தி. கைப்பம்பும் ஸ்பாஞ்சும் வந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, இன்னும் நேரமாகும். உலர்த்து களிமண் மூட்டை (ஒன்று 50 பவுண்டு) தூக்கி வந்தால் தேங்கிய நீர் போய்விட்டது, ஈரம்தான் பாக்கி. எத்தனை மூட்டை கொட்டினார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். ரேக் இழுத்துச் சமன் செய்தால் முடிவுக்கு வருகிறார்கள். சுண்ணக் கோடு போடும் வண்டி வெளியே வந்தால் இருபது நிமிடத்தில் ஆட்டம் என்று எதிர்பார்க்கலாம். அப்போதும் ‘எதிர்பார்க்கலாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்வக் கோளாறில் யாராவது துடைப்பத்தால் சேற்றைப் புல்லுக்குத் தள்ளினால் பள்ளம் இன்னும் ஆழமாகும், அடுத்த தூறலுக்கு அங்கேயே குளம் கட்டும்.

செயற்கைப் புல் மைதானம் என்றால் இதெல்லாம் இல்லை. மின்னல் கடிகாரம் முடிந்தால் ஆட்டம். வானிலை மோசம் என்று தெரிந்தால் முந்தின நாளே ஆட்டத்தை அப்படிப்பட்ட மைதானத்துக்கு மாற்றுவதும் உண்டு. மாற்றினால் பிரஸ் பாக்ஸ், ஈதர்நெட், பிளக், அத்லெடிக் டைரக்டர் எண் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

மொத்தக் கணக்கு: கடைசி இடியிலிருந்து 30 நிமிடம், வீராங்கனைகள் உடல் சூடேற்ற 15 நிமிடம். எவ்வளவு சிறிய தூறலாக இருந்தாலும் 45 நிமிடத்துக்குக் குறையாது. மண் நனைந்திருந்தால் ஒன்றரை மணி, இரண்டு மணி. மைதானத்தில் விளக்குக் கம்பம் இல்லையென்றால் அந்தியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தேவை.

9. மீண்டும் தொடங்கும்போது

பத்து நிமிடம் முன்பே காற்றுக்குத் திரும்புங்கள். முதலில் பிட்சரைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கை ஆறிய பிட்சருக்குப் பதில் வேறு ஆள் சூடேறிக்கொண்டிருக்கலாம். மாற்றினால் போனவர் போனவர்தான் என்று நினைக்காதீர்கள்: என்எஃப்ஹெச்எஸ் விதியில் வெளியே போனவர் ஒரு முறை திரும்ப வரலாம், தன் பழைய பேட்டிங் இடத்துக்கே. டிபி-ஃப்ளெக்ஸ் முறையில் (ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பேட் செய்யும் முறை) ஆடும் அணியென்றால் இது இன்னும் சிக்கும். அதிகாரப்பூர்வ ஸ்கோரரிடம் போய் இரு வரிசைகளையும் உங்கள் தாளோடு ஒத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கூடவே பந்துக் கணக்கையும் அம்பயர் எப்படி அறிவிக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக்கில் நின்றது அங்கேதான் தொடரும்.

முதல் பந்து விழும் முன், இப்போதுதான் ரேடியோவைத் திருப்பியவருக்காக நடந்ததை ஒரு நிமிடத்தில் திரும்பச் சொல்லுங்கள். ஈர மண்ணில் பந்து எழும்பாமல் சறுக்கும், பிட்சர் அடிக்கடி கை துடைப்பார், ஓடுபவர் திரும்பும்போது தடுமாறுவார். இவற்றைக் கவனித்துச் சொன்னாலே வர்ணனை நிறையும்.

10. இன்று முடியாவிட்டால்

எப்போது தொடரும், எங்கே, எந்த நிலையிலிருந்து என்பதைப் போட்டி மேலாளரிடமிருந்தே வாங்கி, மூன்று முறை சொல்லிவிட்டு விடைபெறுங்கள். அனுமதி அட்டையும் கட்டணமும் மறுநாளைக்கும் செல்லுமா என்று அங்கேயே கேளுங்கள்; மறுநாள் வாசலில் வேறு ஆள் நிற்பார். நிலையத்துக்குப் போடாத விளம்பரங்களின் பட்டியலை அன்றிரவே அனுப்புங்கள், ஈடுகட்டும் ஒலிபரப்பை அவர்கள் குறிக்க வேண்டும்.

ஈரக் கம்பிகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். ஹெட்செட் பஞ்சைக் கழற்றித் தனியாகக் காயவையுங்கள், போன் படத்திலிருந்து ஸ்கோர் தாளைப் புதுத் தாளில் படி எடுங்கள், பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். மறுநாள் நாலு மணிக்கே மைதானத்தில் இருக்க வேண்டியிருக்கும்.